கோட்டுப் போடாத தாத்தா

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருடைய படத்தையாவது பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டுமென்றால் ஒரே வழிதான். அடையாள அட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு தெரணியகலை டவுன் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். ஸ்டூடியோக்காரர் கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டும் டையும் ஒட்டி, முகத்தையும் நன்றாக வெளுத்துக் கொடுத்துவிடுவார். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அதே கோட்டு. ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒரே வங்கியில் மேனேஜராக இருந்தவர்கள் மாதிரித் தெரிவார்கள்.

புதிதாகக் கட்டிய சனசமூக நிலையத்தில் என் தாத்தாவின் படத்தை மாட்டுவது என்று தோட்டத்துப் பிள்ளைகள் முடிவு செய்ததும், பெரியப்பாவும் நேரே அந்த ஸ்டூடியோவுக்குத்தான் போனார். தாத்தா ரப்பர் பால் வெட்டியவர். பிறகு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வரும்வரை ஆபீஸ் வாசலை விட்டு நகராத மனிதர். அவரைப் படத்தில் கோட்டும் டையுமாகப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது யாரு பெரியப்பா?"

"ஒங்க தாத்தாதான். எவ்வளவு எடுப்பா இருக்காரு பாரு."

"இவர நான் கண்டதே இல்ல. நானே வரையிறேன்."

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். பெரியப்பா ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. திறப்பு விழாவில் சனங்கள் சிரித்தால் என் படத்தை இறக்கிவிட்டுக் கோட்டுப் படத்தை மாட்டிவிட வேண்டும்.

தாத்தா வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார்.

"பால் வெட்டுன சட்டையப் போடுங்க தாத்தா."

"அதெல்லாம் ஒரே கறை புள்ள."

"அந்தக் கறைதான் எனக்கு வேணும்."

ரப்பர் பால் பட்ட துணி எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது, காய்ந்து கறுத்துப்போகும். அந்தக் கறுப்பைத் தீட்டுவது லேசாக இருந்தது. முகம்தான் படுத்தியது. பெரியப்பா வேறு தினமும் வந்து பின்னால் நின்றுகொண்டு, "கொஞ்சம் வெளுப்பாப் போடு மகள், நாலு பேர் பாக்குற எடம்" என்று உயிரை எடுத்தார். நான் கபில நிறத்தில் இன்னும் கொஞ்சம் நீலத்தைக் குழைத்து முகத்தைக் கறுப்பாக்கினேன்.

வாய் மட்டும் வரவே இல்லை. அமைதியாக உட்கார்ந்திருந்த தாத்தா யாரோ ஒரு சாதுக் கிழவராகத் தெரிந்தார். கடைசியில் ஒரு குறும்பு செய்தேன்.

"நீங்க இல்லாட்டியும் அந்தக் குழாய் வந்திருக்கும்தானே தாத்தா?"

நாடி நிமிர்ந்தது. உதடு இறுகியது.

"அசையாதீங்க" என்றேன். அன்றைக்கே வாயை முடித்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

விழாவன்று பெரியப்பா கோட்டுப் படத்தைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையை இழுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது பின்னால், தாத்தாவோடு ஒரே மலையில் பால் வெட்டிய ஒரு அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பெரியப்பாவும் எழுந்துவிட்டார். மடியில் இருந்த பொட்டலம் கீழே விழுந்தது, அவர் குனியவில்லை.

சத்தம் கேட்டுத் திரும்பிய தாத்தா, எல்லாரும் நிற்பதைக் கண்டு தானும் அவசரமாக எழுந்து வாசலைப் பார்த்தார்.

"யாரு புள்ள வந்திருக்காங்க?"

"நீங்கதான் தாத்தா" என்றேன்.