கஸ்தூரிக்கும் எனக்கும் பேச்சு இல்லை

சொல்யூஷன் வாசனை... ஷூ ஒட்டுகிற பசையை ஆம்பூரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தபோது, தினமும் அந்த வாசனையோடுதான் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன்.

அதோடு சேர்ந்து ஞாபகம் வருகிறவள் கஸ்தூரி. பக்கத்து மெஷின். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு ஃபேன். அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு கத்திரி வெயிலில் சண்டை வந்து, பேச்சே நின்றுபோனது.

லைனில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள் அவளுக்கு. நூர்ஜஹான் அக்கா, "உன் துஷ்மன் இன்னிக்கு லீவா?" என்பார். சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லாவுக்கு அவள் என் சத்துரு. சூப்பர்வைசருக்கு ஆப்போசிட் பார்ட்டி. பள்ளிக்கூடத்தில் படித்த 'பகைவர்' மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அதற்கு யானை, குதிரையெல்லாம் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு ஃபேன்!

வீட்டில் அம்மா "ஆகாதவ" என்பாள். நான் "அந்தம்மா" என்பதோடு சரி. எதிரி என்று சொல்ல எனக்கு ஏனோ மனசு வரவில்லை. எதிரி என்றால் கெடுதல் நினைக்கிறவள் இல்லையா...

அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த இடமெல்லாம் தட்டிப்போய், வீட்டில் எல்லோருக்கும் கவலை. குடியாத்தத்து மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவருடைய அத்தை, ஷிஃப்ட் விடுகிற நேரம் பார்த்துக் கம்பெனி கேட்டுக்கு விசாரிக்க வந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். அவர் பிடித்தது நூர்ஜஹான் அக்காவை.

"தோஸ்துங்க எல்லாம் நல்லதாத்தான் சொல்வாங்க. இந்தப் பொண்ணுக்கு ஆகாதவங்க யாரும்மா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. கஸ்தூரியைக் கை காட்டிவிட்டார்.

மறுநாள் அக்கா சொன்னதும், இந்த இடமும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான், கஸ்தூரி என்ன சொன்னாள் என்று விசாரிக்க வந்த அந்த அத்தையே என்னிடம் சொன்னார்.

"எனக்கும் அவளுக்கும் ஆகாதும்மா. வாய் ஜாஸ்தி. ஒரு ஃபேனைக்கூட விட்டுக்குடுக்க மாட்டா. ஆனா தங்கமான பொண்ணு, தயங்காம பேசி முடிங்க."

கேட்டு அழுதேவிட்டேன்.

கல்யாண லீவு முடிந்து திரும்ப வேலைக்குப் போனதும் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமலே அதை நடுவில் திருப்பினாள். அப்புறமும் பேசிக்கொள்ளவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்குமே வெட்கம்...

இப்போது ஆகாதவர்களை ஃபோனில் பிளாக் பண்ணிவிடுகிறோம். வரன் விசாரிப்பதும் பாதி ஃபோனிலேயே முடிந்துவிடுகிறது. போன வாரம் என் மகளைப் பார்க்க வந்தவர்கள் மட்டும், உங்கள் குடும்பத்தைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று நேராகவே கேட்டார்கள்.

கஸ்தூரி வீட்டுக்கு வழி சொன்னேன்.

"உங்க ஃப்ரெண்டா?" என்றார் பையனின் அம்மா.

"இல்லீங்க. எங்களுக்குள்ள இன்னும் பேச்சு இல்ல. அதான் அங்க போய்க் கேளுங்கன்றேன்."