கல்வராயன் மலையில் வருகைப்பதிவுக்குச் சிக்காத பெட்டி

தேர்வு முடிந்த ஏப்ரலில், வீட்டில் என் சேட்டை தாங்காமல் அம்மா என்னை அண்ணன் கதிரின் பைக்கில் ஏற்றிவிட்டார். அண்ணனுக்கு கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை. அங்கே எத்தனை கணினிகள் இருக்கின்றன, எது நின்றால் யாருடைய வேலை நிற்கும் என்று வரைபடம் போட வேண்டும். மலைமேல் அவர்களுக்கு ஒரு கிளை உண்டு. அதைப் பார்க்கப் போன நாளைத்தான் எழுதுகிறேன்.

திருக்கோவிலூரில் காலை 6.20க்குக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி 41 கிலோமீட்டர், 7.35க்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு டீ முப்பது ரூபாய்.

அண்ணன் அங்கே நான்கு நாளாகவே மடிக்கணினியில் ஒரு மென்பொருளை ஓடவிட்டிருந்தான். அது வகுப்பு ஆசிரியை மாதிரி ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிடும். உயிரோடிருக்கும் இயந்திரம் 'உள்ளேன் ஐயா' சொல்லும். முப்பத்தொன்று சொல்லியிருந்தன. அதில் ஒன்று, மருந்துக் கிடங்கின் மூலையில் தூசு மண்டிய பழைய கணினி. அது என்ன செய்கிறது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் கண்காணித்தும் யாரும் அதனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் பட்டியலில் 'அணைக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தான். அன்று மாலை ஐந்து மணிக்கு அணைப்பதாக முடிவானது. என் பங்குக்கு அதில் 'பென்ஷன்தாரர்' என்று எழுதி ஒட்டினேன். வாசலில் நின்ற ஜீப்பில் 'விமானம்' என்று ஒட்டும்போது ஓட்டுநர் முருகேசண்ணனிடம் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, ரெக்கை எப்ப வெப்ப?" என்றார்.

பெட்ரோல் நானூறு ரூபாய்க்குப் போட்டு, கச்சிராயபாளையம் வழியாக மலையேறினோம். வெள்ளிமலை தாண்டி கிளை இருக்கும் ஊர் வரை மீட்டரில் 44 கிலோமீட்டர். வளைவுகளில் அண்ணன் ஹாரன் அடித்தான், நான் வாயாலேயே அடித்தேன். வழியில் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேரும்போது மணி மூன்று. கடைசி எட்டு கிலோமீட்டரில் கைபேசிக்கு சிக்னல் சுத்தமாக இல்லை.

கிளை என்றால் இரண்டு அறை, ஒரு நர்ஸ், கூரையில் ஒரு சின்ன டிஷ். நர்ஸ் செல்வி அக்காவிடம் அண்ணன் இந்த முறை இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அவசரம்னா இன்னா பண்ணுவீங்கக்கா? மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான்.

"ஜீப்பைக் கூப்பிடுவேன்."

"போன்லயா? சிக்னலே இல்லியே?"

அக்கா உள்ளே போய், சாமை கொட்டி வைத்திருந்த டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய, டிஷ்ஷோடு மாட்டும் நெட் பெட்டி ஒன்று வெளியே வந்தது.

"இடியில ரெண்டு பெட்டி கருகிப்போச்சுங்க. அதான் கயட்டி வச்சிக்கினு இருக்கேன். சாமைக்குள்ள ஈரம் ஏறாது. வேணும்னா மாட்டுவேன், ஜீப்பு கேப்பேன், வந்துடும்."

"கடைசியா எப்ப மாட்டினீங்க?"

"ஒம்பது நாளாச்சு."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவன் கண்காணித்தது நான்கு நாள். பெட்டியின் மேல் எழுதியிருந்த முகவரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: அக்கா அனுப்பும் செய்தியை ஓட்டுநரின் கைபேசிக்குத் தள்ளுவது அந்தப் பென்ஷன்தாரர்தான்.

பெஞ்சில் மல்லிகா என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிறைமாதம், அந்த வாரம்தான் நாள். கணவர் கேரளாவில் வேலையில் இருந்தார். எங்கள் பேச்சு முழுதும் புரியாமல், "ஜீப்பு வரும்தானேங்க?" என்று மட்டும் கேட்டார்.

மணி 4.25. சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேசலாம் என்றால், மலைப்பாதையில் மழை இறங்கிவிட்டது. தூரத்தில் இடி வேறு. செல்வி அக்கா ஒரு நொடி மல்லிகாவைப் பார்த்தார், பெட்டியை மாட்டினார். திரையில் நோயாளி பெயர், கோளாறு என்று இரண்டே கட்டங்கள். நான் தட்டினேன். பெயர்: கிடங்கு மூலைப் பழைய கம்ப்யூட்டர். கோளாறு: உயிர் இருக்கு, அணைக்காதீங்க.

முருகேசண்ணனின் பதில் வந்தது: 'பாப்பா, வெளாட்டா?'

காலையில் ஒட்டிய விமானம் இப்போது என் தலையில் இறங்கியது. நான் கையை மடியில் கட்டிக்கொண்டு நகர்ந்தேன். செல்வி அக்கா தட்டினார்: 'செல்வி பேசறேன். அத்த அணைச்சா எனக்கு ஜீப்பு இல்ல. மல்லிகா இருக்கா.'

இடி கிட்டே வந்தது. பெட்டியைக் கழற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தைரியம் சொல்ல ஒரு ஜோக் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. 4.52க்குத் திரையில் வந்தது: 'கெடங்கு வாசல்லயே ஒக்காந்துக்கினு இருக்கேன். எவனும் கிட்ட வரமாட்டான்.'

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாலு நாளு இயந்திரத்தையே கூப்ட்டுக்கினு இருந்தேன்டி. இவங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றான். கிண்டலடிக்க அருமையான வாய்ப்பு. விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: மலையில் பிற்பகல் மழை வரும், இரண்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வரைபடம் போடப் போகிறவர்கள் மென்பொருளை ஓடவிடுங்கள், ஆனால் அது கேட்காததை ஆளிடம் கேளுங்கள். வாரக்கணக்கில் பேசாத இயந்திரத்தை உடனே அணைக்காதீர்கள்.

மூன்றாம் நாள் மதியம் 2.10க்கு ஜீப் மலையேறியது. பெண் குழந்தை. அண்ணனின் வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் ஏதாவது ஓர் இயந்திரத்தில் முடிகின்றன. ஒரு கோட்டை மட்டும் நீட்டி, முனையில் அவன் மல்லிகா என்று எழுதியிருக்கிறான்.