ஊமையான மத்திமம்

பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவன் என்று எங்கள் தீவில் சொன்னால், "எந்தப் படத்து மெட்டு?" என்றுதான் கேட்பார்கள். அதில் கேலி கிடையாது, உண்மையாகவே கேட்பார்கள். அம்மன் கோயில் திருவிழா, பள்ளிக்கூட நாடகம், கலியாண வீடு, எதுவானாலும் சொற்கள் புதிதாக இருக்கலாம், மெட்டு மட்டும் இந்தியப் படத்திலிருந்து வரவேண்டும். கரம்பொன்னுக்கும் நாரந்தனைக்கும் இடையில் ஆர்மோனியத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்து, அடுத்தவன் மெட்டை வாசித்தே வயிறு வளர்த்தேன். அப்பா கடலுக்குப் போனவர். அவர் பிடித்த மீனாவது அவருடையதாக இருந்தது.

எனக்கென்று ஒரு மெட்டு வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று கிடந்து தவித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு வானொலியில் உள்ளூர்க்காரரின் சொந்த மெட்டுகளைத் தேடினார்கள். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும், எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்கடை பாட்டை உலையிலை போட்டால் வேகுமே? அண்ணையின்ரை கடைக்குப் போங்கோவன்."

அவள் தமையன் கண்டியில் கடை வைத்திருந்தார். கல்லாவில் இருக்க நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருந்தார். இந்த முறையும் சரிவராவிட்டால் ஆர்மோனியத்தை விற்றுவிட்டு, உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு கண்டிக்குப் போகிறேன் என்றேன். கோபத்தில் விட்ட வார்த்தை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தவக்காலத்தில்தான் பெரிய வெள்ளிக்கென்று ஒரு புலம்பல் கட்டினேன். மாதா மகனை மடியில் கிடத்தி அழுகிற பாட்டு. எனக்குக் குரல் கிடையாது, ஆர்மோனியம்தான் என் வாய். அந்த வாயிலும் ஒரு பல் போயிருந்தது. உப்புக்காற்றில் 'ம' என்கிற மத்திமச் சுரக் கட்டையின் உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்துச் செத்துவிட்டது. அமுக்கினால் 'புஸ்' என்று காற்றுத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் ஆர்மோனியம் திருத்துகிறவர், "தகடு இந்தியாவிலையிருந்து வரவேணும். இப்ப ஒண்டும் எடுக்க ஏலாது" என்று கையை விரித்தார். வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அரசாங்கம் மறித்திருந்த காலம். எனக்கு அது பழகிவிட்டது. விரல் கட்டையை அமுக்கும், சுரம் என் மண்டைக்குள் கேட்கும். அப்படியே எங்கள் மாதா கோயிலில் பெண்களுக்கு அந்தப் பாட்டைப் பழக்கினேன். முன்பாட்டுக்காரி என் மனைவி. இந்த மெட்டு என்னுடையதுதான் என்று சத்தியமாக நம்பினேன்.

பெரிய வெள்ளி வருகிற கிழமையில், யாழ்ப்பாண ஸ்டேசனில் கொழும்புக் கோச்சி ஏறினேன். வானொலியில் நல்ல ஆர்மோனியம் தந்தார்கள். என் விரல் மத்திமத்தை அமுக்கியது. அது ஒலித்தது.

முதல் வரி முடியுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. கூத்தில் கோமாளி வரும்போதெல்லாம் நான் வாசிக்கிற படப்பாட்டு அது. வேகத்தைக் குறைத்து அழவைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எதிரே இருந்த அதிகாரி கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"மாஸ்டர், மாதாவை ஆட விட்டிட்டீரே!"

திரும்பி வரும்போது, தீவுக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் பஸ் போகையில் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் பார்த்தேன். இடுப்பளவு ஆழம்கூட இராது. சாகவும் உதவாத கடல் என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் போய் இருந்தார்.

பெரிய வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போன நேரம் அவள் வெள்ளைச் சேலை உடுத்துக் கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றாள்.

"இண்டைக்கு அதைப் பாடாதை. அது களவு மெட்டு" என்றேன்.

"உங்களுக்கு விசரே? எல்லாரும் பாடமாக்கியாச்சு. நீங்கள் பழக்கினபடி பாடுவம்."

பெரிய வெள்ளியில் எங்கள் கோயிலில் மணி அடிப்பதில்லை, மரப்பலகைதான் தட்டுவார்கள். ஆர்மோனியமும் வாசிக்கக்கூடாது. வெட்கத்தில் கடைசி வரிசை வாங்கில் போய்க் குந்தினேன். அவள் வெறும் குரலில் எடுத்தாள். மெட்டு பஞ்சமத்திலிருந்து இறங்கியது. மத்திமம் வரவேண்டிய இடத்தில் அவள் நின்றாள், ஒரு மூச்சு விட்டாள், பிறகு கீழே போனாள். பின்னால் அத்தனை பெண்களும் அதே இடத்தில் நின்று மூச்சு விட்டார்கள். என் மண்டைக்குள் இருந்த சுரம் அவர்களுக்குத் தெரியாது. ஆர்மோனியப் பெட்டி மூச்சு விட்ட இடத்தில் அவர்களும் மூச்சு விடப் பழகியிருந்தார்கள். கோமாளியைக் காணவில்லை. அழ அழப் பேச்சு வராமல் நிற்கிற ஒரு தாய்தான் இருந்தாள். கோயில் முழுக்க அழுதது. நானும் அழுதேன், பக்தியில் அல்ல. இவ்வளவு காலம் தேடிய என் பாணி ஒரு துருப்பிடித்த தகடா என்று அழுதேன்.

கண்டிக்குப் போகவில்லை. வாக்கு மாறினவன் என்று தமையன் பேச்சை நிறுத்தினார், அவள் சோற்றுக் கோப்பையைச் சத்தத்தோடு வைத்தாள். அதற்குப் பிறகு கட்டிய பாட்டுகளில் எல்லாம் மத்திமத்தின் இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். என்னவோ குறைகிறது என்று வானொலியில் ஒன்றையும் எடுக்கவில்லை. எழுவைதீவில்கூடத் தவக்காலத்தில் என் புலம்பலைப் பாடினார்கள், யார் கட்டியது என்று தெரியாமலே. வீட்டில் வறுமை தீரவில்லை. விட்டுவிடலாம் என்று நான் நினைக்காத மாதம் இல்லை.

பிறகு அரசாங்கம் மாறி இந்தியச் சாமான் வரத் தொடங்கியது. ஒருநாள் திருத்துகிறவர் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியைக் கழற்றி வைத்து, "போடட்டே?" என்று கேட்டார். அந்தப் பெட்டியை மூடிவிட்டுக் கடைக்குப் போ என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவள் குசினி வாசலில் நின்றாள்.

"வேண்டாம் அண்ணை" என்றாள். "இவருக்கெண்டு இருக்கிறது அது ஒண்டுதான்."

திருத்துகிறவர் தகட்டைக் கடதாசியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.