உள்தாழ்ப்பாள்

அவருக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் 'ரசமட்டம்' என்றால்தான் தெரியும். தச்சு வேலை. சாய்வு பார்க்கும் அந்தக் கருவியின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், உட்காருவதற்கு முன்னால் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்திவிடுவார். "துக்கம் விசாரிக்கப் போன வீட்லகூட ஜன்னலைக் கழட்டி மாட்டிட்டு வந்த ஆளு இவரு" என்று மனைவி சொல்வது வெறும் கிண்டல் இல்லை, நிஜமாகவே நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய தங்கை தன் புருஷனைச் சுட்டுவிட்டாள். அவன் வங்கிக் காவல்காரன். துப்பாக்கி அவனுடையதுதான், உரிமம் வாங்கியது, படுக்கையறை பீரோவில் இருக்கும். குடித்துவிட்டு வந்து அடித்தான், நான் ஓடிப்போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன், கதவை உதைத்து உடைத்துக்கொண்டு கழுத்தை நெரிக்க வந்தான், சுட்டேன் என்று போலீசிடம் சொன்னாள். அண்ணன் அதை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. மாப்பிள்ளையின் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பத்து வருஷமாக, "குடும்பம்னா நாலும் இருக்கும்மா, அனுசரிச்சுப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்த புண்ணியவான்.

மூன்றாம் நாள் போலீஸ் படமெல்லாம் எடுத்து முடித்து, வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்தது. காவலில் இருந்த தங்கைக்கு மாற்றுத் துணி எடுக்கத்தான் போனார். படுக்கையறைக் கதவின் நிலையைப் பார்த்தார். தாழ்ப்பாள் நுழையும் இடத்தில் மரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் ஆகுமா? அழுகை வந்தது. அழுதுகொண்டே, எங்கே போனாலும் கூடவே வரும் கருவிப் பையைத் திறந்தார். பிளந்ததை வெட்டி எடுத்துவிட்டு அதே வகை மரத்தில் ஒட்டுப் போட்டார், பட்டி பார்த்தார், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார், வண்ணமும் அடித்தார். வளைந்த தாழ்ப்பாளும் சிராய்த் துண்டுகளும் குப்பை வண்டியில் போயின. திரும்பி வரும்போது தங்கை அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாமே என்றுதான் செய்தார். அவர் செய்த வேலையிலேயே அதுதான் ஆகச் சுத்தம். பாவி மனுஷன்!

பத்து நாள் கழித்து, தங்கைக்காக வாதாடும் வக்கீலம்மா வந்தார். "அண்ணே, அந்த உடைஞ்ச கதவைக் காட்டுங்க."

"சரி பண்ணிட்டேனேம்மா."

"எதைச் சரி பண்ணீங்க?"

அவர் காட்டினார். வக்கீலம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் எடுத்த படங்களில் கதவு விரியத் திறந்திருந்தது. நிலையின் பிளந்த பக்கம் ஒன்றில்கூட விழவில்லை. 'கதவு திறந்திருந்தது' என்றுதான் குறிப்பிலும் எழுதியிருந்தார்கள். அவன் உடைத்துக்கொண்டு வந்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத்தான் இவர் பட்டி பூசி மூடிவிட்டிருந்தார்.

வேலை கொடுத்தவர்கள், "புருஷனைச் சுட்டவளுக்கு வக்காலத்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுகூட அவரைச் சுடவில்லை. வேறொன்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நான்கு மாதம் முன்னால் தங்கை பட்டறைக்கு வந்திருந்தாள்.

"அண்ணே, படுக்கிற ரூமுக்கு உள்பக்கமா நல்ல பெரிய தாழ்ப்பாளா ஒண்ணு போட்டுக் குடேன்."

"எதுக்கும்மா? உள்ள என்ன புதையலா வச்சிருக்க?"

அவளும் சிரித்தாள். கைக்குக் கிடைத்த விரல் நீளத் தாழ்ப்பாளை ஒன்று எடுத்துப்போய், நான்கு சின்னத் திருகாணியில் முடுக்கிவிட்டு வந்தார். வாசல் கதவுக்குப் போடும் இரும்புத் தாழ்ப்பாள் அப்போது பட்டறையிலேயே கிடந்தது. இதை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, வக்கீலம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்ல நாக்குக் கூசியது.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல், ஒட்டுப் போட்ட பிறகு எடுத்த நிலையின் படத்தை அவரிடம் நீட்டினார். "எங்க உடைஞ்சிருந்துச்சு? காட்டுங்க பார்ப்போம்."

விரல் வைத்துக் காட்டினார்.

"ஒரு கீறலைக்கூடக் காணோமே! சுரண்டிப் பார்த்தா ஒட்டு இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா உடைச்சது மாப்பிள்ளையா, இல்ல தங்கச்சியக் காப்பாத்த நீங்களே உடைச்சு ஒட்டுனீங்களா? நல்ல வேலைக்காரர்தான்யா நீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கக் காது குளிரக் கேட்ட பாராட்டு அன்றைக்குச் செருப்படியாக விழுந்தது. அவர் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"ஐயா, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு. நாலு மாசம் முந்தியே இவ எங்கிட்ட பெரிய தாழ்ப்பாள் கேட்டா. நான் கேலி பண்ணினேன். சின்னதாப் போட்டு விட்டேன். அது ரெண்டு உதைகூடத் தாங்காதுய்யா. தச்சனுக்குத் தெரியாதா? அது மட்டும் தாங்கியிருந்தா அவனும் உசுரோட இருப்பான், இவளும் இங்க நிக்க மாட்டா."

கூண்டில் நின்ற தங்கை தலையை நிமிர்த்தவே இல்லை.

அவள் பயந்து வாழ்ந்தாள் என்பதை நீதிபதி நம்பினார். கதவு உடைந்தது என்பதை மட்டும் நம்பமுடியவில்லை என்றார். கிடைத்திருக்க வேண்டிய ஆயுள் தண்டனை ஏழு வருஷமாகக் குறைந்தது. "இதுவே பெரிசுண்ணே. மேல் கோர்ட்டுக்குப் போவோம்" என்றார் வக்கீலம்மா. அண்ணனுக்குப் பெரிசாகப் படவில்லை.

அடுத்த வாரம் சிறைக்குப் பார்க்கப் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கை, "சாப்பிட்டியாண்ணே?" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். கண் பழக்கதோஷத்தில் அவளுக்குப் பின்னாலிருந்த கதவுக்குப் போனது. முழ நீளத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"நான் கேட்டது அந்த மாதிரிதாண்ணே."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அழாதண்ணே. எங்க ரூமுக்கும் இதேதான். வெளிப்பக்கந்தான் போடுறாங்க. ஆனாலும் அவங்க இழுத்துப் போடுற சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கம் வந்துடுது."