ஏரி நடுவே ஒரு ஹோம் பாயின்ட்

1. பதவி உயர்வு

மீஞ்சூரில் இருபத்துநான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தோளில் கேமரா சுமந்த காலத்தில் "பொம்பள கேமராமேனா?" என்று கேட்டவர்கள், நான் ட்ரோன் வாங்கியதும் "பொம்பள பைலட்டா?" என்று கேட்டார்கள். கேள்வி அதேதான். பதவி மட்டும் உயர்ந்திருக்கிறது.

ட்ரோன் பயிற்சி வகுப்புக்கு முதல் நாள் போனபோது எனக்கு வயது நாற்பத்தாறு. வாசலில் நின்ற பயிற்சியாளர், "பையனை விட வந்தீங்களா மேடம்?" என்றார். "ஆமாம், அவன் பேர் கலா, உள்ளே போய் உட்காரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் கடைசி நாள் வரை என்னிடம் கொஞ்சம் பயந்துதான் பேசினார். ஆனால் நல்ல ஆசிரியர். முதல் இரண்டு நாள் மிஷினைத் தொடவே விடவில்லை. செக்லிஸ்ட் மட்டும்தான். ரெக்கையில் கீறல் இருக்கிறதா, பேட்டரி சரியாகப் பூட்டியிருக்கிறதா, மெமரி கார்டு உள்ளே இருக்கிறதா, காற்று எவ்வளவு, பறவை உண்டா, அனுமதி வாங்கியாகிவிட்டதா. நான் அதை ஒரு சின்ன நோட்டில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டேன். இப்போதும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் பறக்கவிடுகிறேன்.

அந்த நோட்டின் முதல் வரியை மட்டும் பிறகு மாற்றினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.

2. இருபது போட், ஒரே பிரேம்

பழவேற்காட்டு ஏரிக் கரையில் ஒரு மீனவக் கிராமம். அங்கிருந்து துர்கா என்ற பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். அது ஏரிக்கு மேற்குக் கரையில். பெண்ணைப் படகில்தான் அழைத்துப் போவார்களாம்.

"ஊர்லேர்ந்து இருபது போட்டு என்கூட வருதுக்கா. இருபதும் ஒரே பிரேம்ல வரணும். பத்தொம்பது வந்தா எனக்கு வேணாம்."

"அது என்னம்மா கணக்கு?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களை அவர்கள் முறைபோட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று யார் எங்கே வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த இடத்துக்கும் முறைக்கும் சேர்த்து 'பாடு' என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போடக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் துர்காவின் சித்தப்பா கன்னியப்பன், தேசிங்கு என்பவருடைய பாட்டில் அரை மணி நேரம் கூடுதலாக வலையை விட்டுவைத்துவிட்டார். அன்று மூண்ட சண்டையில் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் பேச்சை நிறுத்திவிட்டன. அதற்கப்புறம் இரண்டு தெருப் படகுகளும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

"நான் ரெண்டு தெருவுலயும் வூடு வூடா போயி கேட்டேன்க்கா. தேசிங்கு மாமாவும் வரேன்னுட்டாரு. நாளைக்கி மறுபடி சண்ட வந்தா நான் இந்த வீடியோவ போட்டுக் காட்டுவேன்."

இருபத்து மூன்று வயதுப் பெண் இப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள்? ஒப்புக்கொண்டேன்.

அனுமதி வேலையே ஒரு வாரம் இழுத்தது. ட்ரோன் மேப்பில் ஏரியின் வடக்குப் பக்கம் சிவப்பு. ராக்கெட் விடுகிற தீவு அங்கேதான் இருக்கிறது. பறவைகள் கூடுகிற பக்கமும் போகக் கூடாது. எனக்கு வேண்டியது தெற்குக் கோடியில் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தண்ணீர் மட்டும். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என் பேப்பரை எல்லாம் புரட்டிவிட்டு, "அங்க அவங்க ராக்கெட்டு விடுறாங்க, இங்க நீங்க காத்தாடி விடுறீங்க. ரெண்டும் முட்டிக்காம பாத்துக்கங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

3. ஆப்பும் காற்றும்

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு நான் ஏரி நடுவில் இருந்தேன். எனக்கென்று ஒதுக்கிய படகை ஓட்டியவர் அந்தக் கன்னியப்பன்தான். பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் நீளமான கழி. ஏரி அங்கே ஆழமில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றியே படகைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

"எட்டு மணிக்கெல்லாம் கொண்டல் எடுத்துடும்க்கா" என்றார். கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வருகிற கடல்காற்று.

"போன் ஆப்புல ஒன்பதரைக்குன்னு போட்டிருக்கு கன்னியப்பா."

"ஆப்பு அங்க கீது, காத்து இங்க கீது. பாத்துக்கோக்கா, ஆப்பு வெச்சிடப் போவுது."

சிரித்தேன். சிரித்துவிட்டு அவர் சொன்னதைக் காற்றில் விட்டேன். செக்லிஸ்ட் எல்லாம் முடித்து, எஞ்சினுக்கு எட்டத்தில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் ட்ரோனை வைத்து ஆன் செய்தேன். ரிமோட்டுக்குள் இருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லியது.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

"ஹோம் பாயின்ட்டைக் குறிச்சுக்கிட்டாளாம். சார்ஜ் தீரப்போனா கிளம்பின இடத்துக்கே தானா திரும்பி வந்துடுவா. இதுதான் அவளுக்கு வீடு."

"ஏரி நடுவுலயா?" என்று கேட்டுவிட்டு அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தத்தை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

படகுகள் வந்தன. கடவுளே, என்ன காட்சி அது! முன்னால் வாழைமரம் கட்டிய படகில் துர்கா. பின்னால் ஒவ்வொரு படகிலும் கலர் கலராகச் சேலைகள் பாய்மாதிரி கட்டிப் பறந்தன. ஒரு படகில் மேளம், இன்னொன்றில் ஸ்பீக்கர். வெயில் ஏறி ஸ்கிரீன் தெரியாமல் போகவே, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள்ளிருந்து எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவது எங்கே? தேசிங்கு படகு ரொம்பப் பின்னால், வந்ததாகப் பேர் பண்ணினால் போதும் என்பது போல மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவரையும் பிரேமுக்குள் இழுத்துவிடலாம் என்று ட்ரோனை ஏற்றினேன், சுற்றினேன், முன்னால் போன படகுகளை மேற்கே மாப்பிள்ளை ஊர் வரை துரத்திக்கொண்டு போனேன். லேசாக இருந்த காற்றோடு போகும்போது வேகம் சுகமாகத்தான் இருந்தது.

4. வீடு நகர்ந்தது

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கொண்டல் எடுத்தது. துணி என் முகத்தில் அறைந்தபோதுதான் தெரிந்தது. ட்ரோன் இப்போது எதிர்காற்றில் திரும்பி வர வேண்டும். பேட்டரி மடமடவென்று இறங்கியது. அந்தப் பெண் குரல், வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்றது. சரி, வரட்டும், தலைக்குமேல் வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

வந்துவிட்டதாக ஸ்கிரீன் சொல்லியது. சத்தமே இல்லை. துணியை விலக்கி மேலே பார்த்தேன். வானம்தான் இருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினால், நானூறு மீட்டர் தள்ளி வெறும் தண்ணீருக்கு மேல் ஒரு புள்ளி.

"கன்னியப்பா, நாம எங்க இருக்கோம்?"

"ஒதுங்கிட்டேன்க்கா."

"ஏன்?"

"அது தேசிங்கு பாடுக்கா" என்றார், குரலைத் தாழ்த்தி. "இன்னிக்கு அவன் மொற. அதுல நின்னேன்னு மறுபடி பேச்சு வேணாம்னு கழி ஊணி நைசா தள்ளிக்கினு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டாலேயே ஒரு போடு போட்டிருப்பேன். ஆனால் யாரைச் சொல்வது? படகு கால் மணி நேரம் நகர்ந்திருக்கிறது, நான் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கண் ஸ்கிரீனில் இருந்தால் இன்னொரு ஆள் கண் மிஷின்மேல் இருக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் பத்துத் தடவை சொன்னார்கள். படகு நகர்ந்தால் ஹோம் பாயின்ட்டையும் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள் நான்தான்.

பேட்டரி ஏழு சதவீதம். மிஷின் தானாக இறங்க ஆரம்பித்துவிட்டது. ரிமோட்டில் உள்ள குச்சியை மேலே தள்ளிக்கொண்டிருந்தால் இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், இப்படி அப்படித் திருப்பலாம். எங்களிடம் வந்து சேர அந்தச் சார்ஜ் போதாது. துர்காவின் ஊர்வலம் முழுக்க அதற்குள் இருக்கிற கார்டில்தான் இருந்தது. தண்ணீரில் விழுந்தால் அதுவும் போச்சு.

ட்ரோனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு படகுதான் இருந்தது. பின்தங்கி வந்த தேசிங்கு படகு.

"அவருக்குப் போன் போடு!"

கன்னியப்பன் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் இல்லையா?"

"கீது. மூணு வருசமா போடல."

"இப்ப போடுய்யா!"

போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"கன்னியப்பன்."

"இன்னா?" என்றார் தேசிங்கு.

"ஒன் தலைக்கு மேல பாரு."

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணே, வீடியோ எடுக்கிறவ பேசறேன். எஞ்சினை நிறுத்துங்க. அதை உங்க போட்டுலதான் இறக்கணும். சமமா ஏதாவது இருக்கா?"

"ஐஸ் பொட்டி கீது. கலர் பாட்டில் ரொப்பி வெச்சிருக்கோம்."

"மூடி வெள்ளையா?"

"வெள்ளதான். கொஞ்சம் அழுக்கு."

"போதும். அதைச் சுத்தி ஒண்ணும் இல்லாம பண்ணுங்க. வலை, சேலை, கயிறு எல்லாத்தையும் எடுத்துடுங்க. எல்லாரும் தள்ளிப் போய் உட்காருங்க. ரெக்கைல கை பட்டா வெரல் போயிடும். அது சுத்தி நிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, பிடிக்கவும் கூடாது."

"டேய், எல்லாம் ஒக்காருங்கடா! மாப்பிள்ள எறங்குறாரு!" என்று அங்கே அதட்டல் கேட்டது.

கேமராவை நேர் கீழே திருப்பினேன். ஸ்கிரீனில் தண்ணீர், பிறகு படகு, படகு நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம். காற்று இழுக்க இழுக்க நான் திருப்பினேன். ஐந்து சதவீதம். சதுரம் பெரிதானது. அதன் ஓரத்தில் ஒரு நரைத்த மீசை, அண்ணாந்து பார்த்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. நான்கு. டக்கென்று ஒரு சத்தம். ரெக்கை நின்றது.

போனில் கூச்சல் காதைப் பிளந்தது. கன்னியப்பன் கழியைத் தூக்கிக்கொண்டு படகிலேயே ஆடினார். நான் பலகைமேல் உட்கார்ந்து அழுதேன், சிரித்துக்கொண்டே.

5. இருபத்தொன்று

எங்கள் படகு போய்ச் சேர்ந்ததும் தேசிங்கு முதலில் கேட்டது என்னை அல்ல.

"ஏன்டா போட்ட தள்ளிக்கினு போன?"

"ஒன் பாடுன்னு..."

"இன்னிக்கு எவன்டா வல போட்டான்? கல்யாணத்தன்னிக்கு பாடு பாக்கிறவன ஒன்னத்தான்டா பாக்கிறேன்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு கலர் பாட்டிலை எடுத்துக் கன்னியப்பன் கையில் திணித்தார். வேறு சமாதானப் பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு படகையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஏதோ ஆகிவிட்டது என்று முன்னால் போன படகுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. மணப்பெண் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "யக்கா, இருபதும் வந்துச்சா?" என்று கத்தினாள்.

"வரல! பத்தொம்பதுதான்!"

"அப்ப இன்னொரு தபா எடு! முகூர்த்தத்துக்கு நேரம் கீது!"

பேட்டரியை மாற்றினேன். தேசிங்கு படகிலிருந்தே ஏற்றினேன். கன்னியப்பனை மிஷினை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று நிற்கவைத்தேன். அவர் சாமி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். தேசிங்கிடம், "அண்ணே, போட்டு நகரக் கூடாது" என்றேன். "என் பாட்டுல நான் எதுக்குமா நகரணும்?" என்றார்.

ஸ்கிரீனில் எண்ணினேன். இருபத்தொன்று வந்தது. தப்பு என்று மறுபடி எண்ணினேன். அப்போதும் இருபத்தொன்றுதான். பிறகுதான் உறைத்தது. முதல் தடவை என் கேமராப் படகை ஊர்வலத்தை விட்டுத் தள்ளியே நிறுத்தியிருந்தேன், அது எந்தப் பிரேமிலும் வந்திருக்காது. கன்னியப்பன் அந்தக் கல்யாண வீடியோவில் இல்லாமலே போயிருப்பார். இப்போது அவர் படகு நட்டநடுவில் தேசிங்கு படகோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது.

தாலி கட்டும்போது முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. ஐயர் எங்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டினார்.

அன்று மாலையே நோட்டில் முதல் வரியை அடித்துவிட்டு 'இது யார் பாடு?' என்று எழுதினேன். கிளம்புகிற இடம் யாருடையது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம், கூட வருகிற ஆளுக்கு அதில் சங்கடம் உண்டா என்று கேட்காமல் இப்போது பட்டனைத் தொடுவதில்லை. மீஞ்சூர் மண்டபத்து மொட்டைமாடியில் நின்றுகொண்டு நான் இதைக் கேட்டால் மேனேஜர்கள் விழிக்கிறார்கள். விழிக்கட்டும். மிஷினுக்குக் காற்று தெரியும், உயரம் தெரியும், தூரம் தெரியும். பக்கத்தில் கழி பிடித்து நிற்கிற மனிதரின் மனசில் என்ன இருக்கிறது என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துத் துர்கா போன் செய்தாள்.

"யக்கா, நேத்து ஊர்க் கூட்டத்துல மறுபடி பாடு சண்ட. நான் வீடியோவ போட்டுட்டேன்."

"சண்டை நின்னுச்சா?"

"எங்க நிக்கிது? ஆனா ஐஸ் பொட்டி மேல எறங்குற எடம் வந்திச்சு பாரு, தேசிங்கு மாமா கைய ஒசத்தி எல்லாரையும் நிறுத்திட்டாரு. 'எல்லாம் ஒக்காருங்கடா, அத மொதல்லேர்ந்து போடச் சொல்லு'ன்னாரு. எங்க சித்தப்பாதான்க்கா எழுந்து போயி போட்டாரு."