உட்கார்ந்து பாடம் நடத்தினேன்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். முப்பத்திரண்டு வயது. கனத்த உடம்பு, முழங்காலில் ஓயாத வலி. கடலூரில் ஒரு டாக்டர் உடம்பு இளைக்கச் சீமை மாத்திரை தருகிறார் என்று கேள்விப்பட்டு நானாகவே ரயிலேறிப் போனேன். அவர் என்னை எடை பார்த்தார். ஒரு புட்டியைக் கொடுத்து, "தினம் ஒண்ணு. காலைப் பலகாரத்த உட்டுடுங்க" என்றார்.

ஒரு மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. சன்னிதித் தெருவில் பார்த்தவர்கள் நிறுத்திவைத்துப் பாராட்டினார்கள். நின்று கேட்கத்தான் எனக்குத் தெம்பில்லை. பள்ளியில் பத்து மணிக்கே கை நடுங்கும், கரும்பலகையில் எழுத்து கோணும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் அத்தனை அசதியிலும் தூக்கம் வராது.

"உட்டுத் தொலையேன்" என்றார் துணிக்கடை வேலையிலிருந்து வந்த என் கணவர்.

"முட்டி வலிக்குதே மாமா. அதுக்கு என்ன செய்ய?"

அவர் தங்கை வேறு மாதிரி சொன்னாள். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கீங்க அண்ணி. நடுவுல உட்டுடாதீங்க."

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்து மிச்ச வாய்ப்பாட்டையும் சொல்லி முடித்தேன். எங்கள் பள்ளியில் டீச்சர்கள் நின்றுகொண்டுதான் பாடம் நடத்த வேண்டும். பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், ஒக்காந்துட்டீங்க? முடியலன்னா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"பாடம் நடக்குதுங்க. லீவு எதுக்கு?"

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிய டீச்சர் அதை வெளியே எடுத்துவைக்கச் சொன்னார். அதற்கடுத்த நாளும் உள்ளே கொண்டுபோய்ப் போட்டேன். நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் அவர் எங்கள் வகுப்புப் பக்கமே வரவில்லை.

பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து, தினமும் இரண்டு வேளை என் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு நூற்றிருபது. இரண்டு வாரம் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மறுபடி கடலூர் போனேன்.

டாக்டர் தாளைத் தொடவில்லை. "எளைக்கணும்னா கொஞ்சம் அசதி இருக்கத்தான் செய்யும். பொம்பளைங்களுக்குப் பொறுமையே இல்ல."

"ஜாஸ்தியா பொறுத்துட்டேன் டாக்டர். நீங்களே எண்ணிப் பாருங்க."

"நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"நீங்கதான். மாத்திரைய முழுங்கறது நானு."

கையை நீட்டியபடியே இருந்தேன். வேறு வழியில்லாமல் பிடித்து எண்ணினார். பிறகுதான் தாளை இழுத்து வரிவரியாகப் படித்தார். குரல் இறங்கிவிட்டது. "பதினஞ்சு நாள் நிறுத்திடுங்க. அப்புறம் பாதி மாத்திரை போதும். காலையில வயித்தக் காயப் போடாதீங்க."

பட்டினி கிடக்கச் சொன்னதும் அவர்தான். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. இப்போது நினைத்தால், சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நிறுத்திய இரண்டாம் வாரம் கை நடுக்கம் போனது. பாதி மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டு, பிறகு அதையும் விட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியான இடைவேளையில் வகுப்பிலேயே பாய் விரித்துக் கால் மணி நேரம் படுக்கை. யாராவது எட்டிப் பார்த்தால் கண்ணைத் திறப்பேன், எழுந்திருக்க மாட்டேன். அசதி சிறுகச்சிறுகக் குறைந்தது. முழங்கால் பாதி தேறியது. போன சதையில் கொஞ்சம் திரும்பி வந்தது.

மறுவருஷம் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த மருந்த உட்டுட்டியா? மறுபடி பழையபடி ஆயிட்டியே!"

"ஆமாம், தூக்கமும் பழையபடி வருது" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரை நிறுத்தி இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன்.