தோள்பட்டைப் படம்

எங்கள் எல்லைக் கிராமங்களை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஊர்வலத்தில் அடிபட்டவன் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியிலேயே வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எல்லாருக்கும் பயம். அதனால் போலீசிடம் அடிவாங்கியவர்கள் எல்லாரும் பனையிலிருந்து விழுந்தார்கள். பனையேறவே தெரியாத பள்ளிக்கூட வாத்தியாரும் விழுந்தார்.

என் வீட்டுக்காரரைப் பனச்சமூடு ஊர்வலத்தில் போலீசார் துப்பாக்கிக் கட்டையால் இடது விலாவுக்குக் கீழே இடித்திருந்தார்கள். வெளியே பெரிய காயம் இல்லை. மறுநாள் காலையில் இடது தோள் வலிக்கிறது என்றார். படுத்தால் இன்னும் வலித்தது. மாமனார் உதியன்குளங்கரையில் பஸ் பிடித்து எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க மக்கா. நான் பேசியேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரிடம் குழைந்து குழைந்து மலையாளத்தில் சொன்னார்: "பனயில் நின்னு வீணு, சாரே. தோளிலாணு வேதன." பனையிலிருந்து விழுந்தானாம், தோளில்தான் வலியாம்.

டாக்டர் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. தோளுக்கு எக்ஸ்ரே எழுதினார். படம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பு முறியவில்லை, மூட்டு விலகவில்லை. "ஒண்ணுமில்ல. தைலம் தேச்சா மதி, அது போதும்" என்று அனுப்பிவிட்டார்.

அவர் படத்தைத் தப்பாகப் பார்க்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். தோள் நன்றாகத்தான் இருந்தது. மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்தால் இடது தோளில் வலிக்கும் என்று வருஷங்கள் கழித்து வேறொரு டாக்டர் எனக்குச் சொன்னார். படம் நன்றாக இருந்தும் வலி இருந்தால், படத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டுமாம். அன்றைக்கு என் வீட்டுக்காரரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதைப் பார்க்க எக்ஸ்ரே எதற்கு?

மாமனாரின் சாமர்த்தியத்தையும் நான் மன்னிக்கவில்லை. மகனைப் போலீசிடமிருந்து காப்பாற்றிவிட்டார், அவ்வளவுதான். அடிவாங்கியதற்குப் பலனாக எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேரவும் இல்லை.

வீடு திரும்பியதும் எல்லாருக்கும் நிம்மதி. என் வீட்டுக்காரர் மட்டும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்றார்.

"எலே, படம் எடுத்துப் பாத்தாச்சுல்லா. உனக்கு ஒண்ணுமில்ல ஆக்கும்" என்று மாமனார் அதட்டினார்.

என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே பாயில் சாய்ந்தார். நான் தைலத்தைச் சூடாக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. வலி அடங்கித் தூங்கிவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, அந்தத் தோள் சில்லிட்டுப்போகும்வரை கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.